ஒற்றைச் சில்லில் ஊசலாடும் உயிர்கள்

“மோட்டார் சைக்கிள் வேகக் கட்டுப்பாட்டை இழந்து வீதியோர மதிலுடன் மோதியதில் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார்.” எமது வாசகர்களுக்கு மிகவும் பழக்கப்பட்டுவிட்ட வாக்கியம் இது. ஊரின் பெயரும் இறந்தவரின் வயதும் மாறுகின்றனவேயன்றி வாக்கியம் மாறுவதில்லை. மோட்டார் சைக்கிள் எதனால் கட்டுப்பாட்டை இழந்தது என்ற வினாவுக்கு அதில் இடமுமில்லை. குறுக்கே வந்த மாடா, வீதியில் பரவிக் கிடந்த மணலா, மதுவா, தூக்கமா, அன்றேல் முன்சில்லை அந்தரத்தில் தூக்கிப் பின்சில்லில் மட்டும் ஓடிக்காட்டும் வித்தையா என்பது பெரும்பாலும் திடீர் மரண விசாரணை அதிகாரியின் அறிக்கையோடு அடங்கிப் போகின்றது. கடைசியாகச் சொன்ன காரணம் பற்றி வெளிப்படையாகப் பேசவேண்டிய காலம் வந்துவிட்டது என நாம் கருதுகின்றோம்.

‘வீலி’ என இளைஞர்கள் அழைக்கும் இந்த வித்தை முற்றிலும் புதியதன்று. துவிச்சக்கரவண்டியின் முன்சில்லைத் தூக்கி ஓடிக்காட்டிய சிறுவர்கள் எமது ஒழுங்கைகளில் எக்காலத்திலும் இருந்தனர். விழுந்தால் முழங்கால் உரியும், வீட்டில் ஏச்சு விழும், அத்தோடு சரி. இன்று அதே ஆசை 150, 200 சி.சி. வலுவுள்ள இயந்திரத்தின் மீது ஏறி அமர்ந்திருக்கின்றது. யுத்தம் முடிவடைந்த 2009 ஆம் ஆண்டின் பின்னர் வடக்கு, கிழக்கின் பிரதான வீதிகள் பல ‘காபெற்’ வீதிகளாகின. லீசிங் நிறுவனங்கள் நகரங்கள் தோறும் கிளை விரித்தன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி முதலாம் திகதி மீண்டும் திறந்துவிடப்பட்டது. வழுவழுப்பான வீதி, தவணைப் பணத்தில் வாங்கிய வேகவண்டி, சட்டைப் பையில் கமராவுடன் கூடிய தொலைபேசி ஆகிய மூன்றும் ஓர் இருபது வயது இளைஞனிடம் ஒருங்கே வந்து சேர்ந்துள்ள காலம் இது.

இந்த வித்தை எவ்வாறு நிகழ்கின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும் மாணவன் ஒருவனுக்கு இது கடினமான கணக்கன்று. பின்சில்லு நிலத்தைத் தொடும் புள்ளியைச் சுற்றி இரண்டு திருப்பங்கள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. வண்டியினதும் ஓட்டுநரினதும் நிறை முன்சில்லைக் கீழே அழுத்துகின்றது; ஆர்முடுகல் அதனை மேலே கிளப்புகின்றது. பந்தய வகை மோட்டார் சைக்கிளில் ஈர்வை மையம் உயரத்திலும், இரு சில்லுகளுக்கும் இடைப்பட்ட தூரம் குறுகியதாகவும் இருப்பதால், ஆர்முடுகல் ஏறத்தாழப் புவியீர்ப்பு ஆர்முடுகலை அண்மிக்கும்போது முன்சில்லு தானாகவே எழுகின்றது. பெரிய இயந்திரமெனில் அக்சிலேற்றரை முறுக்கினாலே போதும். எமது வீதிகளில் ஓடும் சிறிய இயந்திரங்களுக்கு அவ்வளவு வலு கிடையாது. ஆதலால் இயந்திரத்தை உறுமவிட்டுக் கிளச்சைத் திடீரென விடுவித்து, அதேகணத்தில் உடலைப் பின்னே சாய்த்துக் கைபிடியை இழுக்கின்றனர். வலுக்குறைந்த வண்டியில் இந்த வித்தை பாதுகாப்பானது என எண்ணுவது தவறு. அங்கே அது மேலும் முரட்டுத்தனமாகவே செய்யப்படுகின்றது.

எழுந்த சில்லைச் சமநிலையில் நிறுத்துவதே மெய்யான வித்தை. ஈர்வை மையம் பின்சில்லுக்கு நேர் மேலே வரும் நிலையொன்று உண்டு. அதற்கு இப்பால் நின்றால் முன்சில்லு கீழே விழும். அப்பால் சென்றால் வண்டி ஓட்டுநரோடு மல்லாக்காகப் புரளும். அந்த நூலிழையில் நிற்பவனைக் காப்பது கையிலுள்ள அக்சிலேற்றர் அன்று. வலது பாதத்தின் கீழுள்ள பின் பிறேக்கே. வண்டி எல்லை மீறிச் சாயும்போது பின் பிறேக்கை மெல்ல அழுத்தினால் முன்சில்லு இறங்கும். முறையாகக் கற்பிப்போர் சில்லைத் தூக்குவதற்கு முன்னர் இறக்குவதையே பழக்குகின்றனர். தொலைபேசித் திரையில் பார்த்துப் பழகுபவனோ தூக்குவதை மட்டுமே காண்கின்றான். பயம் பிடித்த கணத்தில் பாதம் பிறேக்கைத் தேடுவதில்லை. கைகள் கைபிடியை இறுகப் பற்றுகின்றன. அப்பிடியில் அக்சிலேற்றர் மேலும் முறுகுகின்றது. வண்டி பின்னோக்கிப் புரள்வதற்கு அதுவே போதுமானது.

வெற்றிகரமாக ஓடும்போதுகூட அந்த வண்டி ஒரு வாகனமாக இருப்பதில்லை என்பதே நாம் வலியுறுத்த விரும்பும் விடயம். திசை திருப்புவது முன்சில்லு; அது அந்தரத்தில் நிற்கின்றது. வேகத்தைத் தணிப்பதில் பெரும்பங்கு வகிப்பது முன் பிறேக். அதற்கு வேலையே இல்லை. எதிரே உள்ள வீதியை வண்டியின் முன்பகுதி மறைத்துவிடுகின்றது. இரவு நேரமெனில் வெளிச்சம் வீதியில் விழாமல் ஆகாயத்தை நோக்கிப் பாய்கின்றது. மணித்தியாலத்துக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் தூரத்தைக் கடக்கின்றது. ஒழுங்கையிலிருந்து தனியார் வகுப்பு முடிந்து துவிச்சக்கரவண்டியில் வெளிப்படும் ஒரு மாணவியைக் கண்டு, சில்லை இறக்கி, பிறேக் பிடிப்பதற்குள் எத்தனை மீற்றர் போய்விடும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். சில்லு நேராக இறங்காது சற்றே திரும்பிய நிலையில் நிலத்தைத் தொட்டால், கைபிடி இருபுறமும் வெட்டி வெட்டி அடித்து ஓட்டுநரைத் தூக்கி எறியும். இயந்திரத்துக்கும் இது ஆகாது. அடித்தட்டிலுள்ள எண்ணெய் பின்புறமாக வழிந்துவிடுவதால் எண்ணெய் செல்லவேண்டிய இடங்களுக்குச் செல்லாமல் உட்பாகங்கள் தேய்ந்துபோகின்றன.

இவ்வித்தையில் உலகமே வியந்து பார்த்தவர்கள் அதை எங்கே செய்தார்கள் என்று நோக்குவோம். ‘வீலி மன்னன்’ எனப் பெயர்பெற்ற அமெரிக்கரான டக் டொமொகோஸ் 1984 ஆம் ஆண்டு 145 மைல் தூரம், அதாவது ஏறத்தாழ 233 கிலோமீற்றர், பின்சில்லில் ஓடியது அலபாமா மாநிலத்தின் டாலடேகா பந்தயத் திடலில் ஆகும். ஜப்பானியரான யசுயுகி குடோ 1991 மே 5 ஆம் திகதி 331 கிலோமீற்றர் தூரம் ஓடி அச்சாதனையை முறியடித்தது வாகன ஆராய்ச்சி நிறுவனமொன்றின் சோதனை ஓடுதளத்தில் ஆகும். சுவீடன் நாட்டவரான பட்ரிக் ஃபூர்ஸ்டன்ஹொஃப் 1999 ஏப்ரல் 18 ஆம் திகதி மணித்தியாலத்துக்கு 307 கிலோமீற்றருக்கும் அதிகமான வேகத்தில் ஒற்றைச் சில்லில் பறந்தது இங்கிலாந்தின் பழைய விமானத்தளமொன்றில் ஆகும். இம்மூவருள் எவரும் சந்தைக்குப் போகும் வீதியில் சாதனை நிகழ்த்தவில்லை. எதிரே எவரும் வரமாட்டார்கள் என்ற உறுதியே அவர்களின் துணிச்சலுக்கு அடித்தளமாக இருந்தது.

இன்னுமொன்றையும் கூறவேண்டும். பந்தய வீரன் எவனும் முன்சில்லு எழுவதை விரும்புவதில்லை. எழும் சில்லு நேரத்தைத் தின்கின்றது, வலுவை வீணாக்குகின்றது. ‘மோட்டோ ஜீபி’ உலகப் பந்தயத்தில் 2015 ஆம் ஆண்டு டுகாட்டி அணி தனது வண்டிகளின் முகப்பில் சிறிய இறக்கைகளைப் பொருத்தியதன் நோக்கங்களுள் ஒன்று, காற்றின் விசையால் முன்சில்லை நிலத்தோடு அழுத்தி வைப்பதாகும். அதே 2015 இல் வெளிவந்த யமஹா ஆர்1 வண்டியில், சில்லு எழுவதை உணர்ந்து இயந்திர வலுவைத் தானாகவே குறைக்கும் இலத்திரனியல் ஏற்பாடு சேர்க்கப்பட்டிருந்தது. இத்தகைய வண்டிகளைப் படைக்கும் பொறியியலாளர்கள் பெரும் பொருட்செலவில் எதைத் தடுக்க முயல்கின்றார்களோ, அதையே எமது இளைஞர்கள் வீரத்தின் அடையாளமாகக் கொள்கின்றனர் என்பது வேடிக்கையல்ல, வேதனை.

இந்த வேதனைக்கு நாடுகளின் எல்லை கிடையாது. தமிழகத்தில் யூடியூப் மூலம் பெரும் புகழ்பெற்ற டி.டி.எஃப். வாசன் 2023 செப்டெம்பர் 17 ஆம் திகதி காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலைப் பகுதியில், சுசுகி ஹயபுசா வண்டியின் முன்சில்லைத் தூக்க முயன்று தூக்கி வீசப்பட்டார். பாதுகாப்பு அங்கியும் தலைக்கவசமும் அணிந்திருந்த அவர் கை முறிவுடன் உயிர் தப்பினார். பின்னர் கைது செய்யப்பட்டார். அவரைப் பின்தொடர்வோர் பல இலட்சம் பேர் என்பதும், அவரைப் பார்த்துச் சிறுவர்கள் பெற்றோரிடம் விலையுயர்ந்த மோட்டார் சைக்கிள்களைக் கேட்கின்றனர் என்பதும் அரச தரப்பின் வாதமாக அமைந்தன. பிணை மனுவை முதலில் நிராகரித்த சென்னை உயர் நீதிமன்றம், வண்டியை எரித்துவிட்டு யூடியூப் தளத்தையும் மூடிவிட வேண்டும் என்ற கருத்துப்படக் கண்டித்தது. அவரது சாரதி அனுமதிப்பத்திரம் 2033 ஒக்டோபர் வரையில் பத்தாண்டுகளுக்கு இடைநிறுத்தப்பட்டது. தமிழில் வெளிவரும் காணொளிக்குப் பாக்கு நீரிணை தடையாவதில்லை. அங்கு தூக்கப்படும் சில்லை அதே மாலையில் எமது சிறுவர்களும் பார்த்துவிடுகின்றனர். ஆனால் அவரைக் காப்பாற்றிய அந்த விலையுயர்ந்த அங்கியை வாங்கும் வசதி அவர்களுள் எத்தனை பேருக்கு உண்டு?

பெங்களூரில் 2024 ஓகஸ்டில் நடந்ததோ வேறுவிதமானது. துமகூரு நெடுஞ்சாலை மேம்பாலத்தில் வித்தை காட்டிய இளைஞர்களை மறித்த பொதுமக்கள், அவர்களது இரு ஸ்கூட்டர்களைத் தூக்கி மேம்பாலத்திலிருந்து கீழே எறிந்தனர். அதைப் பார்த்துக் கைதட்டியவர்கள் பலர். நாம் கைதட்ட மாட்டோம். சட்டம் செய்யத் தவறியதை ஆத்திரம் செய்யத் தொடங்கும்போது, அடுத்த தடவை எறியப்படுவது வண்டி மட்டுமாக இராது.

பாகிஸ்தானின் லாகூர் போன்ற நகரங்களில் ‘ஒன் வீலிங்’ எனப்படும் இவ்வித்தை சுதந்திர தினமான ஓகஸ்ட் 14 ஆம் திகதியை அண்டி உச்சம் பெறுவதும், பொலிஸார் ஆண்டுதோறும் சிறப்பு நடவடிக்கை எடுப்பதும் வழமையாகிவிட்டது. மலேசியாவில் ‘மட் ரெம்பிட்’ எனப்படும் இளைஞர் கூட்டங்கள் மீது வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 42 ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடரப்படுகின்றது. பிரான்ஸ் 2018 ஓகஸ்ட் 3 ஆம் திகதி இதற்கென்றே தனிச்சட்டம் இயற்றி, ஓராண்டுச் சிறையும் 15,000 யூரோ தண்டமும் வாகனப் பறிமுதலும் விதித்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்து நான்கு ஆண்டுகளின் பின்னர், 2022 ஓகஸ்டில் பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள பொந்துவாஸ் என்னுமிடத்தில், விளையாடிக்கொண்டிருந்த 10, 11 வயதுச் சிறுவர் இருவரை அவ்வாறு வித்தை காட்டிய மோட்டார் சைக்கிளொன்று மோதிப் படுகாயப்படுத்தியது. சட்டம் தேவை, ஆனால் சட்டம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மாறாக, அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் 2017 இல் தொடங்கப்பட்ட ‘பி-360’ என்ற அமைப்பு வேறொரு வழியில் சென்றது. தெருவில் முன்சில்லைத் தூக்கியோடும் இளைஞர்களை விரட்டுவதற்குப் பதிலாக, அவர்களது வண்டி மோகத்தையே வாசலாகக் கொண்டு இயந்திரவியலையும் விஞ்ஞானத்தையும் கற்பிக்க முற்பட்டது. சில்லைத் தூக்கும் கணக்கை மனத்தால் போடத் தெரிந்தவனுக்குப் பொறியியல் எட்டாக்கனியன்று என்பதே அதன் அடிப்படை. எமது தொழில்நுட்பக் கல்லூரிகள் இந்தக் கோணத்தில் சிந்தித்ததுண்டா?

இனி எமது நாட்டுக்கு வருவோம். உலகில் ஆண்டுதோறும் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வரையில் வீதி விபத்துக்களில் இறப்பதாகவும், 5 முதல் 29 வயது வரையானோரின் மரணத்துக்கு அதுவே முதற் காரணம் எனவும் உலக சுகாதார நிறுவனத்தின் 2023 ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. இலங்கையில் ஆண்டுக்கு 2,000 இற்கும் அதிகமானோர் வீதிகளில் மடிகின்றனர். பதிவுசெய்யப்பட்ட வாகனங்களுள் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. இவ்விபத்துக்களை ஆளும் பிரதான சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமாகும். பலமுறை திருத்தப்பட்ட போதிலும், அது எழுதப்பட்ட காலத்தில் ஒற்றைச் சில்லில் ஓடிக் காணொளி எடுக்கும் இளைஞனை எவரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். ஆபத்தான முறையில் வாகனம் செலுத்துதல் என்ற பொதுவான குற்றத்துக்குள் இதனை அடக்கலாம். ஆனால் தண்டப்பணம் கட்டிவிட்டு மாலையில் அதே வீதிக்குத் திரும்புகின்றவனைத் தடுக்க அது போதுமா என்பதே கேள்வி.

கடுமையான சட்டம் வேண்டும் என்று எழுதுவது இலகு. ஆயினும் வடக்கு, கிழக்கிலிருந்து எழுதுவோர் அதை இரண்டு தடவை யோசித்தே எழுதவேண்டியுள்ளது. 2016 ஒக்டோபர் 20 ஆம் திகதி இரவு கொக்குவில் குளப்பிட்டிச் சந்திக்கு அருகில் மோட்டார் சைக்கிளில் சென்ற யாழ். பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தனர். வீதி விபத்து என்றே முதலில் சொல்லப்பட்டது. துப்பாக்கிச் சூடு நடந்தமை பின்னரே வெளியாகி, பொலிஸார் ஐவர் கைது செய்யப்பட்டனர். இக்கட்டுரையின் தொடக்கத்தில் நாம் எடுத்துக்காட்டிய அந்தப் பழகிப்போன வாக்கியம் எதையெல்லாம் மறைத்துவிடக் கூடியது என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் கிடையாது. வாள்வெட்டுக் குழுக்களைத் தேடுவதாகக் கூறி, மோட்டார் சைக்கிளில் செல்லும் இளைஞன் ஒவ்வொருவனையும் சந்தேகத்தோடு நோக்கும் பழக்கமும் எமது சந்திகளில் இருந்து வந்துள்ளது.

அதிகாரத்தின் பார்வை எவ்வாறு திசைமாறக் கூடும் என்பதற்கு இன்னோர் உதாரணமும் உண்டு. கொள்ளையர்கள் முகத்தை மறைக்கின்றனர் என்ற காரணங்காட்டி, முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசத்தைத் தடைசெய்யப் பொலிஸ் திணைக்களம் 2015 இல் முற்பட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையுத்தரவே அதை நிறுத்தியது. தாடையையும் பற்களையும் காக்கும் கவசம் குற்றத்தின் கருவியாகப் பார்க்கப்பட்டது. ஆகவே, வித்தை காட்டுவோருக்கு எதிரான சட்டம் எதுவாயினும், அது எதைக் குற்றம் என்கின்றது என்பதைத் தெளிவாக வரையறுக்க வேண்டும். வண்டியைப் பறிமுதல் செய்வது நீதிவானின் கட்டளைப்படி நடக்கவேண்டும். வீதியோரத்தில் பொல்லாலும் ஏச்சாலும் வழங்கப்படும் தீர்ப்பை நாம் ஏற்கமுடியாது. அதற்காகச் சட்டமே வேண்டாம் என்றும் நாம் கூறவில்லை. வீதியில் நடந்து செல்லும் முதியவருக்கும் பொலிஸ் பாதுகாப்புக்கு உரிமை உண்டு.

இத்தருணத்தில் மோட்டார் சைக்கிளுக்கும் எமது மக்களுக்கும் இடையிலான உறவையும் நினைவுகூர்வது பொருத்தம். 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தை உயிர்ப்பிக்க மட்டும் சிறு போத்தலிலிருந்து பெற்றோல் துளித்துளியாக விடப்பட்டது. நோயாளியும் பிரசவ வேதனையில் துடித்த தாயும் ஏன், சவப்பெட்டியும்கூட அந்த வண்டிகளிலும் துவிச்சக்கரவண்டிகளிலுமே போயின. 2022 இன் நெருக்கடியின்போது கிழமைக்கு நான்கு லீற்றர் என்ற கட்டுப்பாட்டில், வரிசையில் நின்று பெற்றோல் வாங்கியதும் நேற்று நடந்ததுபோல் இருக்கின்றது. அந்நாட்களில் மோட்டார் சைக்கிள் உயிரைக் காப்பதற்கான கருவி. அதை நாம் இளைஞர்களுக்கு ஓர் ஏச்சாகச் சொல்லவில்லை. பதுங்குகுழியும் இடப்பெயர்வும் கண்ட தலைமுறை தன் பிள்ளைக்காவது குறையில்லாமல் வாங்கிக் கொடுக்க ஆசைப்பட்டது. வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ அனுப்பிய பணமும் அதற்குத் துணைநின்றது. பிள்ளை கேட்டது வண்டி. பெற்றோர் கொடுத்தது வண்டி. அதை எங்கே, எப்படி ஓட்டுவது என்பதை இருதரப்பும் பேசவில்லை.

கேட்கும்போது கொடுக்காவிட்டால் தவறான முடிவுக்குப் போய்விடுவானோ என்ற அச்சத்தில் கையெழுத்திடும் தாய்மார் பலர் உள்ளனர். அவர்களைக் குற்றஞ்சாட்டுவதால் பயனில்லை. ஆயினும் அனுமதிப்பத்திரம் பெறும் வயதை எட்டாத மகனிடம் திறப்பைக் கொடுப்பது பாசம் ஆகாது. இந்தியாவில் 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், வயதுகுறைந்தவர் வாகனம் செலுத்திக் குற்றமிழைத்தால் பெற்றோருக்கு அல்லது பாதுகாவலருக்கு மூன்றாண்டு வரையிலான சிறையும் 25,000 ரூபா தண்டமும் விதிக்கின்றது. அவ்வளவு தூரம் செல்வது சரியா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் பொறுப்பு வீட்டு வாசலில் ஆரம்பமாகின்றது என்ற அதன் அடிப்படையை மறுக்க முடியாது.

இளைஞர்களின் பக்கத்தையும் கேட்கவேண்டும். எமது சமூகத்தில் ஓர் இருபது வயதுப் பையன் தன் துணிச்சலையும் திறமையையும் நாலு பேர் முன்னிலையில் காட்டுவதற்கு என்ன இடம் வைத்திருக்கின்றோம்? பரீட்சைப் பெறுபேறு ஒன்றே அளவுகோல். அதில் தவறியவனுக்கு வேறு மேடை கிடையாது. முன்சில்லை உயர்த்தும் அந்தச் சில செக்கன்களில் அவன் பார்க்கப்படுகின்றான், பேசப்படுகின்றான். அந்தக் காணொளியை ‘அதிர்ச்சிக் காட்சி’ எனத் தலைப்பிட்டு இணையத் தளங்களில் ஓடவிடும் ஊடகத்துறையினரான எமக்கும் இதில் பங்குண்டு. கண்டிப்பதுபோலக் காட்டி விளம்பரம் செய்யும் இந்த வழக்கத்தை நாம் முதலில் கைவிட வேண்டும்.

எமது முன்னோர் இதனை எம்மைவிட நன்கு விளங்கிக்கொண்டிருந்தனர் என்றே தோன்றுகின்றது. யாழ்ப்பாணத்தில் மாட்டுவண்டிச் சவாரிக்கென்று திடல்கள் உண்டு. காளைகள் நாலுகால் பாய்ச்சலில் வருவதையும், வண்டி தூக்கியடிக்க ஓட்டுநர் நின்றபடியே செலுத்துவதையும் ஊரே கூடிநின்று பார்க்கும். அதுவும் ஆபத்தான விளையாட்டே. ஆனால் அதற்கென்று ஓர் இடமும், ஒரு நாளும், நடுவர்களும், பரிசும் இருந்தன. திருவிழாக் காலத்துக் களியாட்ட விழாக்களில் ‘மரணக் கிணறு’ பார்க்காத சிறுவன் யார்? உயிரைப் பணயம் வைத்து மோட்டார் சைக்கிளில் சுற்றியவன் பலகைச் சுவருக்குள்ளேயே சுற்றினான். பார்த்தவர்கள் விரும்பி நுழைவுச்சீட்டு வாங்கினர். வீதியில் செல்பவரோ எந்தச் சீட்டும் வாங்குவதில்லை. அவருடைய உயிரை அவரைக் கேளாமலே பணயம் வைப்பதுதான் வீதி வித்தையின் குற்றம். துணிச்சல் குற்றமன்று; இடமே குற்றம்.

நுவரெலியா மகாகஸ்தோட்டையில் 1930 களிலிருந்து மலையேற்றப் பந்தயம் நடைபெறுகின்றது. தியத்தலாவை நரிமலை, களுத்துறை கட்டுக்குருந்தை, பன்னல போன்ற களங்களும் நாடறிந்தவை. இவற்றுள் ஒன்றேனும் வடக்கிலோ கிழக்கிலோ இல்லை. 2025 மே 6 ஆம் திகதி நடைபெற்ற தேர்தலில் தெரிவான உள்ளூராட்சி சபைகள் இதைத் தமது கவனத்துக்கு எடுக்கலாம். மக்களிடம் மீளவேண்டிய காணிகளைப் பற்றி நாம் இங்கு பேசவில்லை. அவை உரியவர்களுக்கே போகவேண்டும். சபைகளின் வசமுள்ள தரிசு நிலத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக, சில நூறு மீற்றர் நீளமான தார்த்தளம் ஒன்றை அமைப்பது மலையைப் பெயர்க்கும் காரியமன்று. அங்கே முழுமுகத் தலைக்கவசமும் தடித்த அங்கியும் கட்டாயமாகட்டும். பின்னோக்கிப் புரளாமல் தடுக்கும் சட்டம் பொருத்தப்பட்ட வண்டியில் பயிற்சி நடக்கட்டும். பின் பிறேக்கை முதற்பாடமாகக் கற்பிக்கும் ஆசிரியரும், வாசலில் ஓர் அம்புலன்ஸும் இருக்கட்டும். பந்தய அனுபவமுள்ள சிங்கள, முஸ்லிம், தமிழ் வீரர்கள் அங்கு வந்து கற்பித்தால் அதுவும் ஒரு நல்லிணக்கமே.

திடல் இருந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் சொல்லமாட்டோம். 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவை நரிமலைப் பந்தயத்தில் தடம் விலகிய கார் ஒன்று பார்வையாளர்களுக்குள் பாய்ந்ததில் சிறுமி ஒருத்தி உட்பட எழுவர் பலியாகினர். எல்லையும் வேலியும் பார்வையாளர் நிற்கும் தூரமும் கறாராகப் பேணப்படாவிடின் திடலும் வீதியாகிவிடும் என்பதே அச்சம்பவம் தரும் பாடம். அவ்வாறே, திடலொன்று அமைந்த பின்னரும் வீதியில் சில்லைத் தூக்குபவனுக்குச் சட்டம் சலுகை காட்டத் தேவையில்லை. இடம் இல்லை என்ற காரணத்தை அவன் அதன்பின் கூற முடியாது.

பொலிஸாரிடமும் மரண விசாரணை அதிகாரிகளிடமும் நாம் வேண்டுவது ஒன்றே. மோட்டார் சைக்கிள் மரணம் ஒவ்வொன்றிலும் ‘எதனால்’ என்பதைப் பதிவு செய்யுங்கள். காரணம் பதியப்படாத மரணத்திலிருந்து எவரும் பாடம் கற்பதில்லை. எமது செய்தியாளர்களுக்கும் அதையே கூறிவைக்கின்றோம். “வேகக் கட்டுப்பாட்டை இழந்து” என்ற சொற்றொடரை எழுதும் முன்னர், எப்படி இழந்தார் என்று ஒரு கேள்வியாவது கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கத் தொடங்கும் நாளில், பத்தொன்பது வயதுப் பிள்ளையின் படத்துக்கு மாலைபோட்டு வைத்திருக்கும் வீடுகளின் எண்ணிக்கை குறையத் தொடங்கும்.